நூற்று எண்பத்தாறு டப்பாக்கள்

பண்பாட்டுத் துறையிலிருந்து வந்த கடிதத்தை மாமா மூன்று தடவை படித்தார். முதல் தடவை கண்ணாடியோடு, இரண்டாம் தடவை கண்ணாடியைக் கழற்றிவிட்டு, மூன்றாம் தடவை உரக்க. எப்படிப் படித்தாலும் விஷயம் மாறவில்லை. நூலகத்தைப் பற்றி வாசகர் ஒருவர் புகார் கொடுத்திருக்கிறார். தனியார் சங்கங்கள் நடத்தும் பண்பாட்டு நூலகங்களின் நிர்வாகத்தை மேற்பார்வையிடத் துறைக்கு அதிகாரம் உண்டு. வருகிற திங்கள்கிழமை ஆய்வாளர் ஒருவர் வந்து, பதிவேட்டில் இருப்பதெல்லாம் அலமாரியில் இருக்கிறதா என்று சரிபார்ப்பார். எல்லா அறைகளும் திறந்திருக்க வேண்டும்.

"நம்ம அலமாரியைத் தொறந்து பாக்க இவங்க யாரு?" என்று மாமா மேசையைத் தட்டினார். "முப்பத்தெட்டு வருஷமா ஒரு நாற்காலி வேணுமான்னு கேக்காத ஆளுங்க, இப்ப எண்ண வர்றாங்களாம், எண்ண!"

எதிரே நின்ற அட்டை அக்கா கடிதத்தை வாங்கி, 'எல்லா அறைகளும்' என்ற வரியில் விரலை வைத்தாள். 

அட்டை அக்கா என்பது நூலகத்துக்கு வருபவர்கள் வைத்த பெயர். எந்த நேரமும் கையில் ஒரு கட்டு பட்டியல் அட்டையோடு திரிவாள் என்பதால் வந்தது. "அதுக்காக இல்ல, ஒரு இடத்துல ஒட்டினா விடமாட்டா, ரத்தத்தை உறிஞ்சிடுவா, அதான்" என்று அவள் கணவர் எல்லோரிடமும் விளக்கம் சொல்வார். மாமா அவளுடைய அம்மாவின் தம்பி. நண்பர்கள் ஆறு பேரோடு சேர்ந்து அந்த நூலகத்தை ஆரம்பித்தவர், இன்றுவரை சங்கத்தின் தலைவர். இருபத்திரண்டு வருஷத்துக்கு முன்னால் அவளைக் கூப்பிட்டு நூலகர் நாற்காலியில் உட்கார வைத்தவரும் அவர்தான்.

ஜெராக்ஸ் கடைக்கும் சலவைக் கடைக்கும் நடுவில் ஒடுங்கி நின்ற இரண்டு மாடி வீடு அது. கீழே படிக்கும் கூடம். மாடியில் கையெழுத்து நாடகப் பிரதிகள், பழைய மேடை நோட்டீஸ்கள், பாட்டுப் புத்தகங்கள். மாடிப்படி முடியும் இடத்தில் ஒரு சின்ன அறை. அதுதான் குரல் அறை. ஊரில் உள்ள குடும்பங்கள் தங்கள் வீட்டுப் பெரியவர்களின் பாட்டையும் பேச்சையும் பதிவுசெய்து கொடுத்தவையும் மாமாவே பதிவுசெய்தவையுமாக நூற்று எண்பத்தாறு கேசட்டுகள் அங்கே இருந்தன. இருந்தன என்று பதிவேடு சொன்னது.

உண்மை வேறு. நான்கு வருஷத்துக்கு முன்னால் அக்கா மகளின் பிரசவத்துக்காக ஒரு வாரம் லீவில் போயிருந்தாள். குரல் அறைக்கு மேலேதான் தண்ணீர்த் தொட்டி. அங்கே கேசட்டை வைக்க வேண்டாம் என்று அவள் எத்தனையோ முறை சொல்லியிருந்தாள். மாமாவுக்குக் கீழே கூடத்தைப் பெரிதாக்க வேண்டும் என்ற ஆசை. அவள் பேச்சு எடுபடவில்லை. அந்த வாரம் குழாய் விட்டுக்கொண்டது. தினமும் வந்து பார்க்கிறேன் என்று சொல்லியிருந்த மாமா முதல் மூன்று நாளும் வரவில்லை. நான்காம் நாள் வந்து கதவைத் திறந்தபோது தண்ணீர்தான் முதலில் வெளியே வந்தது.

அவள் திரும்பி வந்ததும் மாமா கதவைச் சாத்திவிட்டுச் சொன்னார். "வெளிய மூச்சு விடாத. குடுத்தவங்களுக்குத் தெரிஞ்சா நம்ம முகத்துல முழிக்க மாட்டாங்க. அரசாங்கத்துக்குத் தெரிஞ்சா சாவியைப் பிடுங்கிடுவாங்க. எல்லாத்தையும் தூக்கிப் போட்டுட்டு டப்பாவை மட்டும் அடுக்கி வை."

அவள் புதிய டப்பாக்கள் வாங்கிவந்து, அழகாக எழுதி ஒட்டி, அலமாரியில் அடுக்கினாள். எடுத்தால் லேசாகத் தெரியக் கூடாதே என்று ஒவ்வொன்றுக்குள்ளும் மடித்த அட்டைத் துண்டு ஒன்றை வைத்தாள். வாசலில் "கேசட் மெஷின் பழுது" என்று ஒரு பலகை மாட்டினாள். அந்தப் பலகை நான்கு வருஷமாக அங்கேயே தொங்கியது. யாராவது கேட்டால், உதிரிப் பாகம் வரவில்லை என்று வாய் கூசாமல் சொல்லப் பழகிக்கொண்டாள். வாய்தான் கூசவில்லை.

திங்கள்கிழமை வந்த ஆய்வாளர் நாற்பது வயது மதிக்கத்தக்க பெண். தோளில் கனமான பை, முழங்காலில் ஏதோ வலி. படியேறும்போது கைப்பிடியை இறுக்கிப் பிடித்துக்கொண்டார். மேசையில் உட்கார்ந்ததும் கைக்கடிகாரத்தைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டு, "ஆரம்பிக்கலாமா?" என்றார்.

மாமா விடவில்லை. "ஒரே ஒரு கேள்விம்மா. இன்னிக்கு எண்ண வருவீங்க. நாளைக்கு இந்தப் புத்தகத்தை வைக்காதே, அந்த நாடகத்தை எடுத்துடுன்னு சொல்ல வருவீங்க. இதுக்கு ஒரு எல்லை இருக்கா இல்லையா?"

ஆய்வாளர் கோபப்படவில்லை. "இருக்கு ஐயா. இங்க என்ன வைக்கணும்னு சொல்ல எனக்கு உரிமை இல்ல. வச்சிருக்கோம்னு நீங்க ஊருக்குச் சொன்னது இருக்கான்னு பாக்க மட்டும்தான் நான் வந்திருக்கேன்."

மாமா சாவிக்கொத்தை மேசைமேல் வைத்தார். அக்காவுக்கு அந்த வார்த்தை ஊசி மாதிரி இறங்கியது.

மூன்று நாள் எண்ணினார்கள். அக்கா அட்டையைப் பார்த்து எண்ணையும் தலைப்பையும் படிப்பாள். ஆய்வாளர் அலமாரியில் அதைப் பார்த்துத் தன் பட்டியலில் டிக் போடுவார். ஆய்வாளருக்கு அவசரமே இல்லை. ஒரு பழைய நோட்டீஸில் "பெண்களுக்குத் தனி இடமும் உண்டு, குழந்தை அழுதால் வெளியே போகவும்" என்று இருந்ததைப் படித்துவிட்டுச் சிரிப்பு அடங்காமல் தண்ணீர் குடித்தார். அக்காவுக்கும் சிரிப்பு வந்தது. வந்த உடனே அடக்கிக்கொண்டாள். பிடிக்கக் கூடாதவரைப் பிடித்துப்போய்க்கொண்டிருந்தது.

மூன்றாம் நாள் மாலை அவள் கணவரின் மூக்குக்கண்ணாடிக் கடைக்குப் போய் வாடிக்கையாளர் நாற்காலியில் உட்கார்ந்தாள். அவர் ஒரு ஃபிரேமுக்குத் திருகாணி மாட்டிக்கொண்டிருந்தார்.

"நாளைக்கு குரல் ரூம்" என்றாள்.

"ம்."

"டப்பாவைத் தொறந்து பாப்பாங்களாங்க?"

அவர் திருகாணியை வைத்துவிட்டு நிமிர்ந்தார். "தொறந்து பாத்தா என்ன ஆகும்னு நாலு வருஷமா பயந்தாச்சு. பாக்கலைன்னா என்ன ஆகும்னு யோசிச்சியா?"

"என்ன ஆகும்?"

"இன்னும் நாலு வருஷம்" என்றார். மறுபடி திருகாணியை எடுத்துக்கொண்டார்.

நான்காம் நாள் குரல் அறை. ஆய்வாளர் நுழைந்தவுடன் கேட்டார், "மெஷின் என்ன ரிப்பேர்? புகாரே அதைப் பத்திதான். நாலு வருஷமா ஒரே போர்டு தொங்குதுன்னு எழுதியிருக்காங்க."

"உதிரிப் பாகம் கிடைக்கல" என்றார் வாசலில் நின்ற மாமா. சொல்லிவிட்டு, இருக்க முடியாமல் கீழே இறங்கிப் போனார்.

அக்கா படிக்க ஆரம்பித்தாள். ஒன்று: தறிக்காரர் வீட்டு அம்மா, வேலைப் பாட்டு. டிக். இரண்டு: தபால்காரர், கடிதம் படித்துக் காட்டிய கதைகள். டிக். ஆய்வாளர் டப்பாவின் முதுகில் ஒட்டியிருந்த எண்ணைப் பார்த்தாரே தவிர, ஒரு டப்பாவைக்கூடக் கையில் எடுக்கவில்லை. அக்காவின் குரல் முதல் இருபது வரை நடுங்கியது, பிறகு சமமானது, நூறைத் தாண்டியபோது அவளுக்கே அந்நியமாகக் கேட்டது. நாற்பது நிமிஷத்தில் நூற்று எண்பத்தாறுக்கும் டிக் விழுந்துவிட்டது.

ஆய்வாளர் பேனாவை மூடினார். "மெஷினை ஒரு மாசத்துல மாத்தணும்னு எழுதறேன். மத்தபடி ஒண்ணும் இல்ல. உண்மையைச் சொல்லணும்னா, இவ்வளவு ஒழுங்கா லேபிள் ஒட்டின ரூமை நான் எங்கயும் பாத்ததில்ல. அதையும் ரிப்போர்ட்ல போடறேன். உங்க பேரோட."

தப்பித்தாயிற்று. அவ்வளவுதான். இனி வணக்கம் சொல்லி வழியனுப்ப வேண்டியதுதான் பாக்கி. அக்கா கையிலிருந்த அட்டைக் கட்டைப் பார்த்தாள். கையெழுத்து அவளுடையதுதான். இருபத்திரண்டு வருஷத்தில் அந்தக் கையெழுத்தை யாரும் பாராட்டியதில்லை. முதல் முதலாக வந்த பாராட்டு பொய்க்கு வந்தது.

"மேடம்" என்றாள். "அந்த டிக்கை அழிச்சிடுங்க."

"எந்த டிக்கை?"

"எல்லாத்தையும்."

அவளே முதல் டப்பாவை எடுத்துத் திறந்தாள். மடித்த அட்டைத் துண்டு கீழே விழுந்தது. ஆய்வாளர் அதைக் குனிந்து எடுத்துப் பார்த்தார். எழுந்து இரண்டாவதைத் திறந்தார். பிறகு நடுவில் ஒன்று, கடைசி வரிசையில் ஒன்று. எல்லாவற்றிலும் அதே அட்டைத் துண்டு, ஒரே அளவில், ஒரே மடிப்பில்.

"இதை யார் செஞ்சது?"

"நான்தான் மேடம். என் கையாலதான்."

படியில் காலடிச் சத்தம் கேட்டது. மாமா வந்து நின்றார். திறந்த டப்பாக்களைப் பார்த்தார். அவர் முகத்தில் ஈயாடவில்லை. அக்கா கண்ணை மூடிக்கொண்டாள். இனி இவர் கத்துவார், முப்பத்தெட்டு வருஷத்தைக் குழி தோண்டிப் புதைத்துவிட்டாயே என்பார் என்று காத்திருந்தாள்.

"அவ மேல எழுதாதீங்கம்மா" என்றார் மாமா.  "தொட்டிக்குக் கீழ வைக்காதீங்கன்னு அவ சொன்னா. நான் கேக்கல. வந்து பாக்கறேன்னு சொல்லிட்டு வராதவன் நான். மறைக்கச் சொன்னதும் நான். அவ அட்டை எழுதினா, அவ்வளவுதான். எழுதறதா இருந்தா என் பேரை எழுதுங்க."

அக்கா கண்ணைத் திறந்தாள். அம்மாவின் தம்பியை அத்தனை வருஷத்தில் அவள் அப்படிப் பார்த்ததில்லை. அவருக்கும் அந்த நான்கு வருஷம் கனத்திருக்கிறது என்பது அப்போதுதான் அவளுக்கு உறைத்தது.

ஆய்வாளர் ஸ்டூலில் உட்கார்ந்து முழங்காலைத் தேய்த்துக்கொண்டார்.  பிறகு, "நனைஞ்ச கேசட்டெல்லாம் என்ன ஆச்சு?" என்றார்.

"தூக்கிப் போட்டாச்சு" என்றார் மாமா.

"போடல" என்றாள் அக்கா.

மாமா திரும்பிப் பார்த்தார்.

"மனசு வரல மாமா. எங்க வீட்டுக்காரர் கடை மாடியில இருக்கு."

மூன்று பேரும் அப்போதே நடந்து கடைக்குப் போனார்கள். நூலகர், தலைவர், பின்னால் பையோடு ஓர் அதிகாரி வரிசையாக நுழைவதைப் பார்த்த கணவர், "மூணு பேருக்கும் ஒரே நாள்ல கண்ணு மங்கிடுச்சா?" என்றார். மனைவியின் முகத்தைப் பார்த்ததும் பேச்சை நிறுத்திவிட்டு, மாடிச் சாவியை எடுத்து நீட்டினார்.

மாடியில் இரண்டு தகரப் பெட்டிகள். அன்றைக்கு ஈரம் சொட்டச் சொட்டக் கேசட்டுகளை அங்கே கொண்டுபோய், நல்ல தண்ணீரில் அலசி, செய்தித்தாளில் பரப்பி, மூன்று வாரம் மின்விசிறியை நிறுத்தாமல் காய வைத்திருந்தாள். பிறகு கண்ணாடி துடைக்கும் மெல்லிய துணியில் ஒவ்வொன்றாகச் சுற்றி, எண் எழுதி, பெட்டியில் அடுக்கியிருந்தாள். ஓடுமா ஓடாதா என்று பார்க்கும் தைரியம் வந்ததில்லை. நான்கு வருஷமாகக் கணவர் கடைக்கு வரும் வாடிக்கையாளர்களுக்குத் துடைக்கும் துணி இலவசமாகக் கொடுப்பதை நிறுத்தியதற்குக் காரணம் இதுதான்.

ஆய்வாளர் பெட்டி முன்னால் தரையிலேயே உட்கார்ந்துவிட்டார். ஒரு துணியைப் பிரித்து, கேசட்டை ஜன்னல் வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். நாடாவின் ஓரத்தில் வெள்ளையாக ஏதோ படிந்திருந்தது.

"அக்கா" என்றார். அதுவரை நூலகர் அம்மா என்றுதான் கூப்பிட்டுக்கொண்டிருந்தார். "எங்க துறையில இதுக்குன்னே ஒரு சீரமைப்புக் கூடம் இருக்கு. நனைஞ்சது, எரிஞ்சது, பூசணம் பிடிச்சது எல்லாத்தையும் சரி பண்ற ஆளுங்க இருக்காங்க. எல்லாம் வரும்னு சொல்ல மாட்டேன். ஆனா நீங்க இதைக் குப்பையில போட்டிருந்தா ஒண்ணுமே வராது. போடாம வச்சதுக்கு நன்றி."

நன்றியா? நமக்கா? அக்கா பிரித்த துணியை எடுத்து மடித்தாள். மாமா சுவரைப் பார்த்துத் திரும்பி நின்று மூக்கைச் சிந்தினார். "நாலு வருஷம் முன்னாடியே கேட்டிருக்கலாம். கேக்க பயந்துட்டோம்" என்றார் சுவரிடம்.

கதை அத்துடன் முடிந்துவிடவில்லை. இரண்டு வாரம் கழித்துத் துறையின் துணை இயக்குநர் நேரில் வந்தார். படிக்கும் கூடத்தில் சங்கத்து உறுப்பினர்கள், அக்கா, ஆய்வாளர் எல்லோரும் உட்கார்ந்திருந்தார்கள். துணை இயக்குநர் பையிலிருந்து தட்டச்சு செய்த ஓர் ஆணையை எடுத்தார். இவ்வளவு பெரிய மறைப்பு நடந்த பிறகு சங்கத்திடம் நிர்வாகத்தை விட்டுவைக்க முடியாது. நூலகத்தைத் துறையே எடுத்துக்கொள்ளும். சேகரிப்பு முழுவதும் தலைமை அலுவலகக் கிடங்குக்குப் போகும். ஆய்வாளர் கையெழுத்துப் போட வேண்டியதுதான் மிச்சம் என்றார்.

மாமா எதிர்பார்த்துப் பயந்தது வந்தேவிட்டது. ஆனால் அன்று அவர் மேசையைத் தட்டவில்லை. தலையைக் குனிந்து உட்கார்ந்திருந்தார்.

ஆய்வாளர் எழுந்தார். "சார், என் அறிக்கையில இந்தப் பரிந்துரை இல்ல."

"இருந்திருக்கணும்."

"நான் அறிக்கையில எழுதாத ஒண்ணை இப்ப சொல்லிடறேன். அந்தக் காலி டப்பாவைக் கண்டுபிடிச்சது நான் இல்ல. நான் நூத்தி எண்பத்தாறுக்கும் டிக் போட்டேன். நல்லா இருக்குன்னு பாராட்டவும் செஞ்சேன். டப்பாவைத் தொறந்து பாக்காதது என் தப்பு. இந்த அம்மா சும்மா இருந்திருந்தா, நான் கிளம்பிப் போயிருப்பேன். அவங்களே அழிக்கச் சொன்னாங்க. தலைவர் அடுத்தவங்க மேல பழியைப் போடாம தானே ஏத்துக்கிட்டாரு. இவங்ககிட்ட இருந்து சாவியை வாங்கி, டப்பாவைத் தொறந்து பாக்காத நம்மகிட்ட குடுத்தா, அது மேற்பார்வை இல்ல சார்."

 மேலதிகாரி முன்னால், இத்தனை பேர் பார்க்க, தன் தப்பைத் தானே அவிழ்த்துப் போடுகிறாரே இந்தப் பெண், இவருக்கு இதனால் என்ன வரப்போகிறது என்று அக்கா நினைத்தாள். துணை இயக்குநர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார், மறுபடி போட்டுக்கொண்டார்.

"அப்ப என்ன செய்யலாம்ங்கிறீங்க?"

ஆய்வாளர் அதையும் தயாராக வைத்திருந்தார். கேசட் கொடுத்த ஒவ்வொரு குடும்பத்துக்கும் நேரில் போய் உண்மையைச் சொல்ல வேண்டும். நிர்வாகக் குழுவில் வாசகர்களின் ஆள் ஒருவர் இருக்க வேண்டும். ஒவ்வொரு வருஷமும் துறை வந்து பார்க்கும், டப்பாவைத் திறந்தே பார்க்கும். என்ன வைப்பது, எதைச் சேர்ப்பது என்பது சங்கத்தின் பாடு. மூன்று மாதத்தில் இவை நடக்காவிட்டால் அந்த ஆணையில் தானே கையெழுத்துப் போடுவதாகச் சொன்னார்.

துணை இயக்குநர் கொஞ்ச நேரம் ஆய்வாளரையே பார்த்தார். பிறகு ஆணையை நான்காக மடித்துப் பையில் வைத்துக்கொண்டார். "மூணு மாசம். ஒரு நாள் கூட தாண்டக் கூடாது" என்றார்.

அன்றே மாமா தலைவர் பதவியை விட்டு விலகினார். சங்கத்து உறுப்பினராக இருக்கிறேன், அது போதும் என்றார். ஆனால் வீடு வீடாகப் போகும் வேலையை மட்டும் விட்டுக்கொடுக்கவில்லை. "நீ மட்டும் போய்த் திட்டு வாங்குவியா? எனக்கும் பாதி வேணும்."

தொண்ணூற்று மூன்று குடும்பங்கள். இரண்டு பேரும் பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டு பஸ் பஸ்ஸாக ஏறி இறங்கினார்கள். திட்டும் கிடைத்தது. ஒரு வீட்டில் கதவு முகத்துக்கு நேரே சாத்தப்பட்டது. ஒரு அம்மா, "எங்க அப்பா குரலை ரெண்டாவது தடவை சாகடிச்சிட்டீங்களே" என்று சொல்லி உள்ளே போனவர் திரும்பி வரவே இல்லை.  ஆனால் இன்னொரு வீட்டில், ஓய்வுபெற்ற ஒரு நர்ஸ், தன்னிடம் இன்னொரு பிரதி இருக்கிறது என்று தேடி எடுத்துக் கொடுத்தார். வேறு பலர், "நேர்ல வந்து சொன்னீங்களே, அது போதும்" என்றார்கள். ஒவ்வொரு வீட்டுப் படியையும் இறங்கும்போது அக்காவுக்கு முதுகு கொஞ்சம் நிமிர்ந்தது.

எழுபத்தோராவது பெயர் ஒரு பஸ் டிரைவர். வீட்டில் இல்லை, டிப்போவில் டூட்டி முடித்து முகம் கழுவிக்கொண்டிருந்தார். நாற்பது வயது, முன்வழுக்கை, துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டே கேட்டார். அக்கா ஒன்றுவிடாமல் சொன்னாள்.

"அப்ப மெஷின் ரிப்பேர் இல்ல" என்றார் அவர்.

"இல்லைங்க."

"மூணு தடவை வந்தேன் நான். ஒரு தடவை லீவு போட்டுட்டு வந்தேன். நீங்கதான், உதிரிப் பாகம் வரலைன்னீங்க. எங்க அப்பா நாடகத்துல காமெடி வேஷம் கட்டினவரு. எனக்கு ஆறு வயசுல போயிட்டாரு. மேடைக்குப் பின்னாடி யாரோ பதிவு பண்ணாங்கன்னு அம்மா சொன்னாங்க."

"நான்தான் பதிவு பண்ணேன்" என்றார் மாமா மெதுவாக.

டிரைவர் அவரை ஏற இறங்கப் பார்த்தார். "அப்ப ஒண்ணு சொல்லிடறேன். துறைக்குப் புகார் எழுதினது நான்தான். மொட்டைக் கடுதாசி இல்ல, என் பேரு, நம்பர் எல்லாம் போட்டுத்தான் எழுதினேன். கோவிச்சுக்கிட்டாலும் சரி."

அக்கா பட்டியலை மடித்து மாமாவிடம் கொடுத்தாள். பிறகு டிப்போ நடுவில், பஸ்கள் உறுமிக்கொண்டிருக்க, அந்த மனிதரைப் பார்த்துக் கைகூப்பினாள்.

"என்னங்க இது, எதுக்கு?" என்று டிரைவர் பதறினார்.

"நீங்க எழுதலைன்னா யாரும் வந்திருக்க மாட்டாங்க. நானும் வாயைத் தொறந்திருக்க மாட்டேன். எங்க மேல புகார் குடுத்தீங்களே, ரொம்ப நன்றிங்க."

டிரைவர் மாமாவைப் பார்த்தார். "புகார் குடுத்ததுக்கு நன்றி சொல்ற ஆளை இன்னிக்குத்தான் பாக்கறேன். எங்க டிப்போவுல மெமோதான் குடுப்பாங்க" என்றார். சொல்லிவிட்டு, மூன்று பேருக்கும் டீ சொன்னார்.

கெடு முடிய ஒரு வாரம் இருக்கும்போது துறையின் வண்டி வந்து நின்றது. நூற்று நாற்பத்தொரு கேசட்டுகள் முழுவதுமாகத் திரும்பிவிட்டன. இருபத்தொன்பது பாதியும் கால்வாசியுமாக. பதினாறு போயே போய்விட்டன. கேட்கும் மெஷின் ஒன்றையும் சீரமைப்புக் கூடத்து ஆட்கள் சரிசெய்து அனுப்பியிருந்தார்கள். குரல் அறை இப்போது கீழ்த்தளத்துக்கு வந்திருந்தது. மாமாவே சுமந்து இறக்கினார். படிக்கும் கூடம் மறுபடி சின்னதானதைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை.

டிரைவரின் அப்பா இருபத்தொன்பதில் இருந்தார். மீந்தது நான்கு நிமிஷம்தான் என்று அக்கா முன்கூட்டியே சொல்லியிருந்தாள். டிரைவர் சீருடையோடு வந்து, ஹெட்ஃபோன் வேண்டாம், எல்லோரும் கேட்கட்டும் என்றார்.

முதலில் கரகரப்பு. பிறகு ஒரு நீண்ட இருமல். பிறகு கனத்த ஒரு குரல்: "டேய், டீ கேட்டு அரை மணி ஆச்சு, டீத்தூள் இனிமேதான் முளைக்கணுமா?" பின்னால் யாரோ சிரித்தார்கள். "அந்தப் பின்பாட்டுக்காரனைக் கூப்பிடு. நேத்து நான் அழற சீன்ல நீ கொட்டாவி விட்ட பாரு, அதுக்குத்தான் ஜனங்க சிரிச்சாங்க. என் காமெடிக்குச் சிரிக்கல. இன்னிக்கும் விடு, என்ன?" மறுபடி சிரிப்பு, இருமல், ஏதோ பாத்திரம் விழும் சத்தம். "என்னய்யா இது, ஓடிக்கிட்டா இருக்கு? இதையெல்லாமா பதிவு பண்ணுவீங்க?" அவ்வளவுதான். நாடா நின்றது. பாட்டு இல்லை, வசனம் இல்லை.

அக்கா பயந்துகொண்டே டிரைவரைப் பார்த்தாள். அவர் தோள்கள் குலுங்கிக்கொண்டிருந்தன. அழுகிறார் என்று நினைத்து எழுந்தாள். அவர் சிரித்துக்கொண்டிருந்தார். கண்ணிலிருந்து தண்ணீர் வழிய வழியச் சிரித்தார்.

"எங்க வீட்ல தினமும் என்கிட்ட கேக்கறது இதுதாங்க. டீ லேட்டானா நான் கத்தற கத்து இருக்கே, அது இதேதான்" என்றார். "இன்னொரு தடவை போடுங்க."

நான்கு தடவை போட்டாள். மாமா மெஷின் பக்கத்தில் நின்று, அன்று தான் பொத்தானை அமுக்கிவிட்டு நிறுத்த மறந்துபோனதை விளக்கினார். "மறந்து போனதுல உங்களை அடிச்சிக்க ஆளே இல்ல" என்றார் டிரைவர். அறையே சிரித்தது. மாமாவும்தான்.

பொதுக்கூட்டத்தில் வாசகர்கள் தங்கள் ஆளாக டிரைவரைத் தேர்ந்தெடுத்தார்கள். அவர் கேட்ட முதல் கேள்வியே, போன பதினாறு கேசட்டுகளின் குடும்பங்களுக்கு என்ன செய்யப்போகிறோம் என்பதுதான். ஞாபகம் உள்ளவர்களைக் கூப்பிட்டு, போனதைப் பற்றிச் சொல்லச் சொல்லிப் புதிதாகப் பதிவுசெய்வது என்று முடிவாயிற்று. கதவைச் சாத்திய வீட்டிலிருந்தும் ஒருவர் வந்தார். முதலில் பேச மாட்டேன் என்றவர், பேச ஆரம்பித்த பிறகு நிறுத்தவில்லை.

ஆய்வாளர் அதற்குள் வேறு ஊருக்கு மாற்றலாகிப் போய்விட்டார். அன்று கூடத்தில் பேசியதற்கும் அதற்கும் சம்பந்தம் உண்டா என்று யாருக்கும் தெரியாது. அக்கா அவருடைய போன் எண்ணைத் தேடிப் பிடித்து ஒரு மத்தியானம் கூப்பிட்டாள். சொல்ல நினைத்ததையெல்லாம் ஓர் அட்டையில் எழுதி வைத்திருந்தாள். அந்தப் பக்கம் குரல் கேட்டதும் அட்டையைப் பார்க்கவே தோன்றவில்லை.

"மேடம், நான் நூலகத்துல இருந்து... முழங்கால் எப்படி இருக்கு?"

"அப்படியேதான் இருக்கு அக்கா. இங்கயும் மாடிப்படிதான். கேசட்டெல்லாம் வந்துச்சா?"

"வந்துடுச்சு. நூத்தி நாப்பத்தொண்ணு முழுசா. புதுசா வந்த ஆய்வாளர் எல்லா டப்பாவையும் தொறந்து பாத்துட்டாரு. ரெண்டு நாள் ஆச்சு அவருக்கு." மூச்சை இழுத்துக்கொண்டாள். "மேடம், எங்களால உங்களுக்கு ஏதாவது கஷ்டம்..."

"அதெல்லாம் ஒண்ணும் இல்ல. நீங்க எப்படி இருக்கீங்க, அதைச் சொல்லுங்க."

"வாசல்ல யார் வந்து நின்னாலும் முகத்தைப் பாத்துப் பேச முடியுது மேடம். அது உங்களால. நன்றி."

அந்தப் பக்கம் பேனாவை மூடும் சத்தம் கேட்டது. பிறகு, "இதை எழுத எங்க படிவத்துல கட்டம் இல்லையே அக்கா" என்று ஆய்வாளர் சிரித்தார்.  "பரவாயில்ல. நான் ஞாபகம் வச்சுக்கறேன்."

அக்கா போனை வைத்தபோது மேசைக்கு எதிரே கல்லூரி மாணவி ஒருத்தி நின்றிருந்தாள். தபால்காரர் கதையைக் கேட்க வேண்டும், முடியுமா என்றாள்.

"முடியும்மா, வா" என்று அக்கா எழுந்து, அவளைக் குரல் அறைக்கு அழைத்துப் போனாள்.